பயம் வந்த இடத்தில் கோடு போடச் சொன்னவர்

சேதராப்பட்டில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் ஸ்டோரில் அன்று காலை சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. யூசுப் பாயின் மூத்த மகள் நஸ்ரீன். ஆஸ்பத்திரியில் இருந்து அவரை எப்போது வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எடுத்தேன்.

"மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்கு எடுக்குறாங்க. வந்துடுங்க."

அப்பா இறந்த செய்தியை அவ்வளவுதான் சொன்னாள். அவள் அழவில்லை. இன்னும் பலருக்குச் சொல்ல வேண்டியிருந்ததால் உடனே வைத்துவிட்டாள்.

அந்த நிமிடம் என் மனதில் முதலில் வந்தது துக்கம் என்று எழுதினால் அது பொய். முதலில் வந்தது ஒரு நிம்மதி. இனி அவருக்குத் தெரியப்போவதில்லை, இனி அவர் என்னைக் கேட்கப்போவதில்லை என்ற நிம்மதி. அது ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. அடுத்த மூச்சில் ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சுமை இறக்கிக்கொண்டிருந்தவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நம் கட்டற்ற மென்பொருள் பயனர் குழுவின் இதழுக்காக "பாயைப் பத்தி நாலு வார்த்தை எழுதுங்க, உங்களுக்குத்தான் அவரை நல்லாத் தெரியும்" என்று கேட்டார்கள். அவரைத் தெரிந்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். தெரியாதவர்கள் நம் கையேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கும் கேள்வியை மட்டும் பார்த்திருப்பீர்கள். 'இதைப் படிக்கும்போது எந்த இடத்தில் உங்களுக்குப் பயம் வந்தது?' அந்தக் கேள்வி அவருடையது. அது எப்படிப் பிறந்தது என்று சொல்ல வேண்டுமானால் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். பாய் இருந்தவரை, ஐந்து வருடம், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பாயின் டிடிபி கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர் உட்கார ஒரு ஸ்டூல். இரண்டாவது ஆள் வந்தால் வாசற்படியில்தான் நிற்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைதான் அவருடைய முக்கிய வேலை. நிக்காஹ் பத்திரிகை, மாதா கோயில் கல்யாணம், சுற்றுவட்டாரக் கிராமங்களின் கல்யாணம் என்று எல்லாம் அவரிடம் வரும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா குடும்பங்கள் தமிழும் பிரெஞ்சுமாக அடிக்கச் சொல்லி வருவார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தட்டி முடித்த பத்திரிகையை முதலில் அவரும் படிக்க மாட்டார், கல்யாண வீட்டாரையும் படிக்க விடமாட்டார். எதிரே டீக்கடை வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, விரலை வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். பிரெஞ்சுப் பகுதிக்கு மட்டும் வேறு ஆள் பிடிப்பார். "தெரிஞ்சவன் கண்ணு தாவிப் போயிடும் தம்பி. தெரியாதவன்தான் நின்னு படிப்பான்" என்பார். அவர்கள் படிக்கும்போது பாய் பின்னால் நிற்பார். வாயைத் திறக்க மாட்டார். படிப்பவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வார். கல்யாண வீட்டார் படிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

பத்திரிகையின் ஓரத்து அலங்காரங்கள்தான் அவருடைய சொத்து. கொடி, மயில், வாழை, பிறை, மல்லிகைச் சரம் என்று அத்தனையும் மவுஸைப் பிடித்து அவரே வரைந்தவை. ஆறு வருட உழைப்பு. அந்த ஓரங்கள் வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதால் வில்லியனூரில் இருந்தெல்லாம் அவரைத் தேடி வந்தார்கள்.

சுனாமி வந்த வருடம், அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், டிடிபி கடைக்காரர்களிடையே ஒரு பயம் பரவியது. கள்ள சிடியில் இருந்து மென்பொருள் போட்ட கம்ப்யூட்டர்களைப் பறிமுதல் செய்ய ஆட்கள் வருகிறார்களாம், போலீசும் கூட வருகிறதாம். யார் வந்தார்கள், எந்தக் கடைக்கு வந்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தெருவில் புதிதாக ஒரு ஜீப் வந்து நின்றால் வரிசையாக ஷட்டர் இறங்கும். பாயும் இறக்கியிருக்கிறார். "உள்ள மானிட்டர அணைச்சிட்டு, மூச்சப் புடிச்சிகினு உக்காந்திருந்தேன் தம்பி. என் கடையிலயே நான் திருடன் மாதிரி" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அந்தப் பயத்துக்கு மருந்து கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடுவோம். கட்டற்ற மென்பொருள் என்றால் யாருக்கும் பயப்பட வேண்டாம், யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பேசுவோம். கட்டற்ற இயங்குதளம் ஒன்றின் சிடியோடு எட்டுப் பக்கக் கையேடு ஒன்றையும் இலவசமாகக் கொடுத்தோம். அந்தக் கையேடு இணையத்திலும் இருந்தது. அதில் யார் எந்த வரியை மாற்றினாலும் அவர் பெயரும் மாற்றமும் ஹிஸ்டரியில் பதிவாகிவிடும். கம்ப்யூட்டரில் அந்த இயங்குதளத்தை நிறுவுவது எப்படி என்ற பக்கம் என் பொறுப்பு.

அந்தப் பக்கத்தின் ஆறாவது படியில் ஒரு வரி இருந்தது. இங்கே ஆம் என்று கொடுத்தால் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள எல்லாமே அழிந்துவிடும், முன்பே நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. ஒரு கண்காட்சியில் நாங்கள் மேசை போட்டிருந்தபோது மூன்று பேர் அடுத்தடுத்து அந்த வரிவரை படித்துவிட்டுக் கையேட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த ஒரு வரிதான் ஆட்களை விரட்டுகிறது என்று முடிவு கட்டினேன். பயனர்களுக்குச் சுலபமாக்க வேண்டும் என்பதுதானே எங்கள் பேச்செல்லாம். அன்று சாயங்காலமே அந்த வரியை எடுத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. அடுத்து அச்சான கையேட்டில் 'ஆம் என்று கொடுங்கள்' என்பது மட்டும் இருந்தது. பக்கம் இப்போதுதான் தைரியம் கொடுக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு.

அந்த அச்சுப் பிரதிகளில் ஒன்று யூசுப் பாய் கைக்குப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மாடிப்படி ஏறி வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காதில் பென்சில், கையில் சுருட்டிய கையேடு. அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. கடைக்காரர் ஒருவருடைய ஆறு வருட வேலை மொத்தமாகப் போய்விட்டது என்ற செய்தி மட்டும் முந்தின வாரமே எங்களுக்கு வந்திருந்தது.

"இத எழுதினவங்க யாரு?" என்றார்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"நான் அடிக்க வரலைங்க. இதுல ஒரு வரி குறையுது. இங்க அழுத்துனா எல்லாம் போயிடும்னு ஒரு வரி இருந்திருந்தா நான் அழுத்தியிருக்க மாட்டேன். போனது போச்சு. அந்த வரிய இதுல சேக்கணும். யாருகிட்ட சொல்லணும்?"

எங்களில் ஒருவர் விளக்கினார். முதலில் மெயிலிங் லிஸ்ட் என்ற மின்னஞ்சல் குழுவில் சேர வேண்டும், ஆங்கிலத்தில் எழுதிக் கேட்க வேண்டும், பிறகு மூலக் கோப்பை இறக்கி, மாற்றி, மாற்றத்தை மட்டும் பேட்ச் என்று தனிக் கோப்பாக்கி அனுப்ப வேண்டும், பெரியவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால் சேரும். பாய் கையேட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். "ஒரு வரிக்கா?" என்று மட்டும் கேட்டார். எழுதி முடித்துவிட்டு எங்கள் எல்லோருக்கும் சலாம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அது எனக்கு இரண்டு நிமிட வேலை. பக்கமே என் பொறுப்பில் இருந்தது. ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். சேர்த்தால் ஹிஸ்டரியில் எடுத்தவன் பெயரும் சேர்த்தவன் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். யாராவது பார்ப்பார்கள். பார்த்தால் கேட்பார்கள். அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று குழுவில் எல்லோரும் நினைத்தார்கள், நானும் தலையாட்டினேன். "சேத்துட்டீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்கள். "பண்ணிட்டிருக்கேன்" என்றேன். அந்தப் பக்கத்தை அதற்கப்புறம் திறக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

பாய் கடையை மூடிவிட்டு வேறொருவருடைய பிரஸ்ஸில் சம்பளத்துக்குப் போனார். அப்படியும் அந்த ஒரு வரியை விடவில்லை. மூன்று மாதம் மெயிலிங் லிஸ்ட்டோடு மல்லுக்கட்டினார். ஆங்கிலத்தில் வந்த பதிலை அச்செடுத்து என்னிடமே கொண்டுவந்தார். "இன்னா சொல்றாங்க தம்பி?" என்று கேட்டார். பேட்ச்சாக அனுப்பச் சொல்கிறார்கள் என்று மொழிபெயர்த்துச் சொன்னேன். தெரியாத ஊரில் வழி கேட்டவரிடம் திசையை மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு. அவரோ நன்றி சொன்னார். பிறகு அவரே ஒரு வழி செய்தார். கையேடு கிடந்த பிரௌசிங் சென்டர்களுக்கெல்லாம் போய், ஒவ்வொரு பிரதியிலும் ஆறாவது படிக்குப் பக்கத்தில் பென்சிலால் அந்த வரியை எழுதிவைத்தார்.

சுனாமி வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். கனகசெட்டிக்குளத்தில் ஒரு பெண்கள் குழுவுக்கு யாரோ பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அஞ்சலை என்பவர், மீன் விற்பவர், எட்டாவது படித்தவர், வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்ததையெல்லாம் அதில் தட்டி வைத்திருந்தார். எந்த வீட்டில் யார் இல்லை, யாருடைய படகு போனது, யாருடைய வலை போனது. நிவாரணம் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது அந்தப் பட்டியலைத்தான். வைரஸ் வந்து கம்ப்யூட்டர் திணறியதும் எங்கள் குழுவில் ஒருவர் சிடியையும் புதுக் கையேடு ஒன்றையும் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அதை ஞாயிறு கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார்.

"ஆளே வேணாம். படிச்சுப் படிச்சு அவங்களே போட்டுக்குவாங்க. இன்னைக்கு மத்தியானம் போடுறாங்களாம்."

"பழைய பட்டியல நகல் எடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கையேட்டுல இருக்குமே" என்றார் அவர்.

நான் எழுந்து ஓடினேன். செருப்பை மாட்டினேனா என்றுகூட ஞாபகம் இல்லை. மொபெட்டை முறுக்கிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனேன். அங்கே போன் கிடையாது. காலாப்பட்டு தாண்டும்போது ஒரு லாரி வழி விடவில்லை; அழுகை வந்துவிட்டது. அந்தப் பட்டியலில் ஒரு பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரியாத அந்த மனிதர்களை நான் இரண்டாவது முறை கடலுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று தோன்றியது. அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

ஊருக்குள் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு அறை. வாசலில் பத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். திரைக்கு முன்னால் அஞ்சலை உட்கார்ந்து விரல் வைத்துக் கையேட்டை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், காதில் பென்சிலோடு யூசுப் பாய் நின்றிருந்தார்.

வாயைத் திறக்கப்போன என்னைப் பார்த்து அவர் கையை உயர்த்தினார். பேசாதே என்ற சைகை.

"ஆறு. ஆம் என்று கொடுங்கள்" என்று படித்தார் அஞ்சலை. அவருடைய விரல் விசைக்கு மேலே போனது. அங்கேயே நின்றது. இறங்கவில்லை.

"எனக்கு பயமா இருக்கு பாய்" என்றார்.

"எந்த எடத்துலம்மா?"

"இங்கதான். இங்கிலீசுல இன்னாவோ கேக்குது. இவங்க ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லுன்றாங்க. எதுக்கு ஆமான்னு சொல்லலயே?"

பாய் காதில் இருந்த பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். பிறகு சட்டைப் பையில் இருந்து இரண்டு ஃபிளாப்பிகளை எடுத்து மேசையில் வைத்தார். கையேடு ஒன்று இங்கே வந்ததைக் கேள்விப்பட்டு, காலையிலேயே வந்து பட்டியலை நகல் எடுத்துவிட்டுத்தான் அந்த அம்மாவை உட்கார வைத்திருக்கிறார். "ஊரு பட்டியல் பத்திரமா இதுல இருக்கு. அழாதீங்க தம்பி" என்றார். நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

வெளியே ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து டீ குடித்தோம். "நானும் அதே எடத்துலதான் நின்னேன் தம்பி" என்றார். "அஞ்சு நிமிஷம் நின்னேன். கேக்க ஆளில்ல. புஸ்தகத்துல போட்டிருக்கு, நமக்கு இன்னா தெரியும்னு அழுத்திட்டேன். தப்பு இருந்தா சொல்லுங்கன்றீங்க. தப்பு எங்க இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சா நாங்க ஏன் புஸ்தகம் படிக்கிறோம்? பயம் எங்க வந்துச்சுன்னு கேளுங்க. எல்லாரும் சொல்லுவாங்க."

அந்த இடத்தில் என்ன எழுதியிருந்தால் புரிந்திருக்கும் என்று அஞ்சலையைக் கேட்டோம். "இங்க அமுக்குனா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும், நகல் எடுத்தாச்சான்னு கேட்டிருக்கணும்" என்றார். அன்று வீட்டுக்கு வந்து அந்த வரியை அவர் சொன்னபடியே சேர்த்தேன். தைரியம் வந்து சேர்த்தேன் என்று நினைக்காதீர்கள். அஞ்சலை சொன்ன வரி என்று சொல்லிக்கொள்ள ஒரு மறைப்பு கிடைத்தது, அதனால் சேர்த்தேன்.

அதற்கப்புறம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். கையேட்டின் பக்கங்களை அகலமான ஓரம் விட்டு அச்சடித்து, அடியில் அந்தக் கேள்வியைப் போட்டு, கூடவே ஒரு பென்சிலை நூலில் கட்டி பிரௌசிங் சென்டர்களில் தொங்கவிட்டார் பாய். பெயர் எழுத வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், பயம் வந்த இடத்தில் ஒரு கோடு போட்டால் போதும். முதல் மாதமே தாள்கள் கோடுகளோடு வந்தன. சிலர் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதியும் இருந்தார்கள். 'சேமின்னா பழசு போயிடுமா?' என்று ஒருவர். 'ரீஸ்டார்ட் பண்ணா கரண்டு கட் ஆன மாதிரி கெட்டுப் போகுமா?' என்று இன்னொருவர். நாங்கள் நூறு முறை படித்துத் தாண்டிப்போன இடங்கள் அவை. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நஸ்ரீன் அவற்றையெல்லாம் பேட்ச்சாக்கி அனுப்பக் கற்றுக்கொண்டாள். பிறகு இணையப் பக்கங்களின் அடியிலேயே ஒரு பெட்டியை வைத்தாள். கணக்குத் தொடங்க வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், தமிழில் தட்டினால் போதும்.

இதைக் குழுவில் கடுமையாக எதிர்த்தவன் நான். கண்டவரும் எழுதினால் தரம் என்ன ஆவது, விஷமிகள் பக்கத்தைக் கெடுத்தால் என்ன செய்வது என்று ஞாயிறுதோறும் கத்தினேன். பேசியது தரம், மனதில் இருந்தது வேறு. ஆட்கள் அதிகம் வரவர, என்றைக்காவது யாராவது அந்தப் பக்கத்தின் ஹிஸ்டரியைத் திறந்து பார்ப்பார்கள் என்ற திகில்தான் என்னைக் கத்த வைத்தது.

பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இவர் சொல்றது சரிதான். யாராவது பாத்துத்தான் வெளிய விடணும். நம்ம எல்லாரையும் விட இவருக்குத்தான் பயம் அதிகம். இவரே பாக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். இப்படித்தான் அந்தப் பெட்டியில் வருவதையெல்லாம் படித்து, சரிபார்த்து, பக்கத்தில் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. இன்றுவரை அதைச் செய்கிறேன்.

அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நான் முயலாமல் இல்லை. அவர் மறுபடி கடை திறந்த புதிதில் ஒரு நாள் போனேன். திரையில் ஒரு மயிலை முதலில் இருந்து வரைந்துகொண்டிருந்தார். கழுத்து மட்டும் வந்திருந்தது. "பழைய மயிலு இன்னும் நல்லா இருந்துச்சு. கை மறந்து போச்சு" என்று சிரித்தார். அந்த வரியை எடுத்தது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். "இன்னா தம்பி, சொல்லுங்க" என்றார். ஒரு விசிட்டிங் கார்டு அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஸ்டோர் கீப்பருக்கு எதற்கு விசிட்டிங் கார்டு! ஓரத்தில் ஒரு கொடி வரைந்து மிக அழகாக அடித்துக்கொடுத்தார். அந்தக் கார்டுப் பெட்டி பிரிக்காமல் வீட்டில் கிடக்கிறது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மறுநாள் இதயத்தில் அறுவை சிகிச்சை. கையெழுத்துப் போடச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். என்னை உட்காரச் சொல்லி அதைத் தமிழில் படிக்கச் சொன்னார். படித்துக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில், "தம்பி, எனக்கு பயமா இருக்கு" என்றார். அந்த மனிதர் தனக்கே பயம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

"எந்த இடத்துல பாய்?"

"இவங்க எல்லாத்தையும் எழுதியிருக்காங்க. ரத்தம் போலாம், மயக்கம் தெளியாம போலாம்னு ஒண்ணையும் விடல. நல்லவங்க. ஆனா எழுதிட்டா பயம் போயிடும்னு நெனச்சிகினு இருந்தேன். போவலையே."

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். வார்டில் வேறு யாரும் இல்லை. நாளைக்கு ஆபரேஷன் இருக்கும்போது அவர் மனதைக் கலைக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். நான் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். நான்காம் நாள் காலையில் நஸ்ரீனின் போன் வந்தது.

கபர்ஸ்தானில் எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். என்னையும் போடச் சொன்னார்கள். நான் போட்டதில் பாதி மண் என் கால்மேலேயே விழுந்தது. கனகசெட்டிக்குளத்தில் இருந்து அஞ்சலை வந்திருந்தார். பெண்கள் உள்ளே வருவதில்லை என்பதால் கேட்டுக்கு வெளியே சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். என்னால் அப்படி அழக்கூட முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து கடைக்குப் போனேன். முகூர்த்தம் யாருக்காகவும் நிற்காது. முன்பே ஒப்புக்கொண்ட பத்திரிகை ஒன்றை முடித்துக்கொடுக்க நஸ்ரீன் கடை திறந்திருந்தாள். அத்தாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"நஸ்ரீன், அந்த ஆறாவது படியில இருந்த வரிய எடுத்தது நான்தான்."

"எந்த வரி?" என்று திரும்பினாள். அடுத்த நொடியே புரிந்துகொண்டாள். "நீங்களா?"

"ஆமா."

திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த வருஷம் அத்தா அடுத்தவங்க பிரஸ்ல நாள் பூரா நின்னுகினே வேல பாத்தாங்க மாமா. கால் வீங்கிப் போயி வருவாங்க. அம்மா சுடுதண்ணி வெச்சு ஊத்துவாங்க. மயிலு போச்சு, மயிலு போச்சுன்னு தூக்கத்துல பேசுவாங்க."

"அந்தப் பொட்டிய வெப்சைட்ல போட்டப்போ நான் அத்தாகிட்ட கேட்டேன்" என்று அவளே தொடர்ந்தாள். "ஹிஸ்டரியில எல்லாம் இருக்கு, அந்த வரிய யாரு எடுத்தாங்கன்னு ஒரு நிமிஷத்துல பாத்துடலாம், பாக்கட்டான்னு. வேணாம்னுட்டாங்க."

"ஏம்மா?"

"பேரு தெரிஞ்சா கோவம் வரும், கோவம் வந்தா நாலு வார்த்த பேசிடுவேன், பேசிட்டா அந்த ஆளு அப்பறம் ஒரு வரி எழுத மாட்டான், அவனப் பாத்து இன்னும் பத்து பேர் எழுத மாட்டாங்கன்னாங்க. தமிழ்ல எழுதறதுக்கே ஆளில்ல, இருக்கறவன வெரட்டவான்னு கேட்டாங்க. நானும் பாக்கல. இன்னைக்கி வரைக்கும் பாக்கல."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஐந்து வருடம் யாரிடமிருந்து மறைத்தேனோ, அவர் பார்க்கவே வேண்டாம் என்று விட்டிருந்தார். ஞாயிறுதோறும் பக்கத்தில் உட்கார்ந்து, என் டீயை எனக்கு நகர்த்தி வைத்துக்கொண்டே விட்டிருந்தார்.

"அந்த வேலைய வேற யார்கிட்டயாவது குடுத்துடு நஸ்ரீன். எனக்கு அதுக்குத் தகுதி இல்ல" என்றேன்.

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கோபமும் வந்தது. "விட்டுட்டுப் போறீங்களா? அப்ப எங்கத்தா பாக்காம இருந்தது எதுக்கு?" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போங்க மாமா. பத்து நாளா ஒண்ணுமே வெளிய வரல. போயி உக்காந்து பாருங்க" என்றாள். என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பெட்டியில் வந்தவை வரிசையாகக் காத்திருந்தன. மேலே இருந்ததைத் திறந்தேன். ஆறாவது படியைப் பற்றித்தான். யார் என்று தெரியாது, எந்த ஊர் என்று தெரியாது. 'நகல் எடுத்தாச்சான்னு கேக்குது. எடுத்துட்டேன். அப்பவும் பயமா இருக்கு. அங்க யாராவது இருக்கீங்களா?' என்று எழுதியிருந்தது. எட்டு நாளாக அந்தக் கேள்வி அங்கே பதில் இல்லாமல் கிடந்திருக்கிறது.

அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தேன். பயம் வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள், இந்தப் பக்கத்துக்குப் பொறுப்பாளி நான், கூப்பிடுங்கள் என்று எழுதி, என் பெயரையும் எண்ணையும் போட்டேன். பயம் குறைந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. இதை நீங்கள் படித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை அந்த மாடிப்படியை எப்படி ஏறுவது என்று இப்போதே பயமாக இருக்கிறது. ஏறுவேன்.

போய் வாருங்கள், யூசுப் பாய். பேர் தெரிந்தால் கோபம் வரும் என்றீர்கள். இனி உங்களுக்குக் கோபம் வராது. எனக்கு வர வேண்டியிருந்த அந்தக் கோபம் கிடைக்காமலே போய்விட்டது. உங்கள் மயிலை அழித்த அந்த ஆளின் பெயர் தணிகாசலம்.